கூரை முதலில் எழட்டும்

காலபோக விதைப்புக் காலம் ஒன்றில் வன்னியின் உட்கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். குளக்கட்டு திருத்தப்பட்டிருந்தது. வாய்க்கால்கள் துப்புரவாக்கப்பட்டிருந்தன. பல ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்த வயல்களில் உழவு இயந்திரத்தின் சத்தம் மீண்டும் கேட்டது. எனினும் அக்கிராமத்தில் ஏதோ ஒன்று குறைவாக இருப்பது போலத் தோன்றியது. சிறிது நேரத்தின் பின்னரே அது என்னவென்று எமக்குப் புரிந்தது. ஊரில் ஆண்கள் இருந்தார்கள், முதியவர்கள் இருந்தார்கள், ஆனால் பிள்ளைகள் இல்லை.

தகரக் கொட்டிலின் முன்னால் தனியாகச் சோறு ஆக்கிக்கொண்டிருந்த விவசாயி ஒருவரிடம் இதுபற்றி விசாரித்தோம். "சுவாமி, வயல் விதைக்க நான் வந்திட்டன். மனிசியும் பிள்ளையளும் அங்கைதான். இஞ்சை கொண்டந்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலை விடுறது?" என்று அவர் எம்மையே திருப்பிக் கேட்டார். ஊர்ப் பாடசாலை அவரது கொட்டிலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. அரைச்சுவர்கள் நின்றன. கூரையைக் காணவில்லை. கதவு நிலைகள் கழற்றப்பட்டுப் போயிருந்தன. மண்டபத்தின் நடுவே எருக்கலை வளர்ந்திருந்தது.

இடம்பெயர்ந்து வாழ்ந்த ஊரிலேயே மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவர் நிலத்துக்குத் திரும்பியிருந்தார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு எரிந்தது. நெல் விற்று வரும் காசில் ஒரு பங்கு அங்கே வாடகைக்கும் இன்னொரு பங்கு பஸ்ஸுக்கும் போனது. தகப்பனின் முகத்தைப் பிள்ளைகள் மாதத்தில் ஓரிரு முறையே கண்டார்கள். தாய் தனியே அவர்களைக் காத்து நின்றாள். இது அந்த ஒரு விவசாயியின் கதை மட்டுமல்ல என்பதை இதனை வாசிக்கும் உங்களில் பலர் நன்கு அறிவீர்கள்.

இவ்விடயத்தைப் பொறுப்பான அலுவலகம் ஒன்றில் எடுத்துரைத்தோம். எம்மை மரியாதையாகவே வரவேற்றார்கள். ஆனால் கிடைத்த பதில் இதுதான்: "அங்கே பிள்ளைகளின் தொகை போதாது. தொகை கூடினால் கட்டடத்துக்குச் சிபாரிசு செய்யலாம்."

பிள்ளைகள் இல்லாதபடியால் கட்டடம் இல்லை என்கிறது அலுவலகம். கட்டடம் இல்லாதபடியால் பிள்ளைகளைக் கொண்டுவர முடியாது என்கிறார்கள் பெற்றோர். இரு பகுதியினரும் சொல்வது உண்மையே. ஆயினும் இந்தச் சுற்றிலிருந்து வெளியேறும் முதலடியை யார் எடுத்து வைப்பது? அந்த அடியை அரசாங்கமே எடுத்து வைக்க வேண்டும் என்பதும், மீளக்குடியேறும் ஊர்களில் பிள்ளைகளை எண்ணுவதற்கு முன்னரே பாடசாலைக் கூரை எழ வேண்டும் என்பதும் எமது கருத்தாகும். ஏன் அவ்வாறு கூறுகிறோம் என்பதை இங்கு விளக்க விரும்புகிறோம்.

பொறுப்பு யாருடையது?

எமது பகுதிகளில் இருந்த கிராமப் பாடசாலைகளில் பல அரசாங்கத்தால் தொடங்கப்பட்டவை அல்ல. கிறிஸ்தவ மிஷன்கள் சிலவற்றைத் தொடங்கின. 1923 இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் வேறு பலவற்றை நடத்தியது. எங்கும் ஊர் மக்களே காணி கொடுத்தார்கள். பனைமரம் தறித்து வளை போட்டார்கள். கிடுகு பின்னி வேய்ந்தார்கள். 1945 இல் சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, ஏழை விவசாயியின் பிள்ளைக்கும் பல்கலைக்கழகம் வரை வழி திறந்தது.

பின்னர் 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அக்காலத்தில் கத்தோலிக்க மக்கள் அதனைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதத்தை இங்கு மீண்டும் கிளறுவது எமது நோக்கமல்ல. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. பாடசாலையின் திறப்பைக் கையில் எடுத்தவர், அதன் கூரைக்கும் கிணற்றுக்கும் பொறுப்பை எடுத்தவர் ஆகிறார். நல்ல காலத்தில் மட்டும் அது அரசாங்கப் பாடசாலை, இடிந்த காலத்தில் அது ஊர்ப் பாடசாலை என்று இருக்க முடியாது.

சட்டமும் இதனையே சொல்கிறது. 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலை செல்ல வேண்டும் என்ற ஒழுங்குவிதி 1997 இல் ஆக்கப்பட்டது. 2016 இல் அந்த எல்லை 16 வயது வரை உயர்த்தப்பட்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரிடம் காரணம் கேட்கும் சட்டம், அந்தப் பிள்ளை போய் இருக்க ஒரு வகுப்பறையையும் தர வேண்டுமல்லவா? உள்ளூரில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 23 ஆவது கோட்பாடு கல்வியைப் பற்றியது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் கிடைப்பதை உரிய அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல.

பணம் வரும் வழி

பாடசாலைக் கட்டடத்துக்கான பணம் எவ்வழியாக வருகிறது என்பதை எமது பெற்றோர் அறிந்திருப்பது அவசியம். வழி தெரியாதவர் எந்த வாசலில் போய்க் கேட்பது?

1987 இல் அரசியலமைப்புக்குச் செய்யப்பட்ட 13 ஆவது திருத்தத்தின் பின்னர் பாடசாலைகள் இரு வகையாகின. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழும், ஏனையவை மாகாணத்தின் கீழும் வந்தன. நாட்டில் ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றில் தேசிய பாடசாலைகள் ஏறக்குறைய 400 மட்டுமே. எமது கிராமப் பாடசாலைகள் அநேகமாக யாவும் மாகாணப் பாடசாலைகளே. மாகாணங்களுக்கு எவ்வளவு பணம் என்பதை நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்கிறது. திறைசேரி விடுவிக்கிறது. மாகாணக் கல்வி அமைச்சும் திணைக்களமும் அதனைப் பங்கிடுகின்றன. அதிபர் தரும் தேவைப்பட்டியல் கோட்டம், வலயம் என்று மேலே போகிறது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். அதன் பின்னரே கேள்விப்பத்திரமும் கொந்தராத்தும்.

இந்த நீண்ட வாய்க்காலில் மூன்று இடங்களில் எமது ஊர்களுக்கு வர வேண்டிய தண்ணீர் தடைப்படுகிறது.

முதலாவது, தலைக்கணக்கு. கற்றல் உபகரணங்கள் போன்றவற்றுக்கான பணம் பிள்ளைகளின் தொகையை வைத்துப் பகிரப்படுகிறது. 2000 ஆம் ஆண்டளவில் கொண்டுவரப்பட்ட இம்முறையில் நியாயம் உண்டு. செல்வாக்குள்ள பாடசாலைக்கு அள்ளிக் கொடுப்பதை அது ஓரளவு தடுத்தது. ஆனால் கொப்பி, சோக்கட்டியைப் பகிர்வது போலக் கூரையைப் பகிர முடியாது. முப்பது பிள்ளைகள் இருந்தாலும் நூறு பிள்ளைகள் இருந்தாலும் ஒரு மண்டபத்துக்கு ஒரு கூரை வேண்டும். அத்துடன், இடம்பெயர்ந்த பாடசாலையின் கணக்கு அதன் உண்மையான பிள்ளைகளைக் காட்டுவதில்லை. அவர்கள் வேறொரு பாடசாலையின் இடாப்பில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, காலம். வரவுசெலவுத்திட்ட ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசெம்பர் 31 இல் முடிகிறது. மதிப்பீடு, அங்கீகாரம், கேள்விப்பத்திரம் எல்லாம் முடிந்து வேலை தொடங்கும்போது பல தடவைகள் புரட்டாசி, ஐப்பசி ஆகிவிடுகிறது. அப்போது எமது பகுதியில் மாரி மழை. மணல் ஏற்றிய வாகனம் உட்பாதையில் புதைகிறது. கொங்கிறீற் போட முடியாது. ஆண்டு முடிவதற்குள் செலவாகாத பணம் திரும்பிப் போகிறது. மறு ஆண்டில் "கொடுத்த பணத்தையே செலவழிக்கவில்லை" என்ற பேச்சு வேறு. விதைப்பு முடிந்த பின் விதைநெல் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, விளைச்சல் எங்கே என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் உள்ள விருப்பம். 2010 களின் முற்பகுதியில் 1,000 இடைநிலைப் பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து மேம்படுத்தும் திட்டத்தின் கீழ் மஹிந்தோதய தொழில்நுட்ப ஆய்வுகூடங்கள் எழுந்தன. பின்னர் வந்த ஆட்சியில் 'அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை' என்ற திட்டம் வந்தது. அதன் பின்னர் 1,000 தேசிய பாடசாலைகள் என்ற திட்டம் பேசப்பட்டது. இவற்றால் நன்மை விளையவில்லை என்று நாம் கூறவில்லை. சந்தியில் உள்ள பெரிய பாடசாலைக்குக் கிடைத்த ஆய்வுகூடத்தில் எமது பிள்ளைகள் சிலரும் படித்திருக்கிறார்கள். ஆனால் திட்டத்தின் பெயர் மாறும்போதெல்லாம் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்படுகிறது. பழைய கட்டடத்தின் உடைந்த ஓட்டை மாற்றுவதற்கு விழா எடுப்பவர் யாரும் இல்லை.

இவ்விடத்தில் எம்மையும் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும் திருச்சபை நிறுவனங்களும் ஏனைய தொண்டு நிறுவனங்களும் பாடசாலைகளில் வேலை செய்தன. நாமும் செய்தோம். உதவி தந்தவரின் பெயரைக் கல்லில் பொறித்தோம். ஐந்து வருடத்தின் பின் அந்தக் கூரை ஒழுகினால் யார் திருத்துவது என்று நாம் கேட்கவில்லை. வீதியோரத்தில் இருந்த பாடசாலைக்கு இரண்டு நிறுவனங்கள் வந்தன. காட்டுப் பாதையில் எட்டு மைல் உள்ளே இருந்த பாடசாலைக்கு ஒருவரும் போகவில்லை. இந்தத் தவறில் எமக்கும் பங்கு உண்டு.

கூறப்படும் மறுப்புகள்

நாம் கேட்பதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களையும் நேர்மையாக ஆராய வேண்டும்.

"அரசாங்கத்திடம் பணம் இல்லை" என்பது முதலாவது நியாயம். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்ததையும், சீமெந்து, கம்பி விலைகள் ஏறியதையும், புதிய வேலைகள் நிறுத்தப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னரும் கல்விக்கு வேண்டிய பணம் ஒதுக்கப்படவில்லை. தேசிய வருமானத்தில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோரிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் 2012 இல் நீண்ட வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒதுக்கப்பட்டதோ பல ஆண்டுகளாக 2 வீதத்தை அண்டியே இருந்தது. பணம் குறைவாக இருக்கும்போதுதான் எதற்கு முதலிடம் என்ற கேள்வி கூர்மையாகிறது. குறைந்த விளைச்சலில் வீட்டுத் தாய் முதலில் யாருக்குச் சோறு போடுகிறாள் என்பதை நாம் அறிவோம்.

"சிறிய பாடசாலைகளுக்குச் செலவழிப்பது வீண்" என்பது இரண்டாவது. இதில் ஓரளவு உண்மை உண்டு. இடம்பெயர்ந்த எல்லாக் குடும்பங்களும் திரும்பப் போவதில்லை. இடம்பெயர்ந்த ஊரில் பிறந்து வளர்ந்து அங்கேயே மணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். சில ஊர்களில் பாடசாலை மீண்டும் நிரம்பாது. அத்தகைய இடத்தில் பெரிய கட்டடம் கேட்பது சரியல்ல. அங்கே அடுத்த ஊர்ப் பாடசாலைக்குப் பிள்ளைகள் பாதுகாப்பாகப் போய்வர பஸ் ஒன்றைக் கேட்கலாம். ஆனால் எந்த ஊர் நிரம்பும், எது நிரம்பாது என்பதைக் கூரையற்ற பாடசாலையின் இன்றைய இடாப்பைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. திரும்ப விரும்பும் குடும்பங்களைக் கேட்டு, அவர்களின் பிள்ளைகளை வயது வாரியாக எழுதி, அந்தப் பட்டியலைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

இந்த நிலை ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் நீண்ட காலம் புத்தளத்தில் வாழ்ந்தார்கள். போர் முடிந்த பின்னர் மன்னார், முசலிப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பிய தகப்பன்மாரில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தைப் புத்தளத்திலேயே விட வேண்டியிருந்தது. அவர்களின் துன்பமும் எமது துன்பமும் ஒரே அச்சில் வார்த்தவை. ஆகவே இக்கோரிக்கையை அவர்களோடு சேர்ந்து முன்வைப்பதே முறையாகும்.

எமக்கு இடமளித்த பாடசாலைகளையும் மறக்கலாகாது. காலையில் தம் பிள்ளைகளையும் பின்னேரத்தில் எமது பிள்ளைகளையும் வைத்துப் படிப்பித்த பாடசாலைகள் அவை. ஒரு வாங்கில் மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஐவர் இருந்தார்கள். மலசலகூடம் நிரம்பியது, கிணறு கலங்கியது. முணுமுணுப்பு எழுந்தது, எனினும் வாசலை அவர்கள் மூடவில்லை. இடம்பெயர்ந்தோர் தங்கிய பாடசாலைகளின் திருத்த வேலைக்கும் நாம் குரல் கொடுக்க வேண்டும். அது நன்றிக்கடன்.

எதை முதலில் கட்டுவது?

'தரமுயர்த்தல்' என்றதும் மாடிக் கட்டடமும் கணினி அறையும் எமது மனக்கண்ணில் தோன்றுகின்றன. எமது ஊர்களுக்கு முதலில் வேண்டியவை வேறு. பாடசாலைக் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டது என்ற எழுத்து மூல உறுதி எல்லாவற்றுக்கும் முந்தியது. அதன் பின் குடிநீர்க் கிணறு. பிறகு மலசலகூடம், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள மலசலகூடம். பருவமடைந்த பிள்ளை பாடசாலையை விட்டு நிற்பதற்கு இது இல்லாமையும் ஒரு காரணம் என்பதைத் தாய்மார் எமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து ஒழுகாத கூரையும் மழைச்சாரல் அடிக்காத சுவரும்.

ஐந்தாவதாக நாம் வைப்பது ஆசிரியர் விடுதி. இதனைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். பட்டினத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஆசிரியை எட்டு மணிக்கு வகுப்பில் நிற்க முடியாது. ஒரு மணிக்கு முன்னரே அவரின் மனம் திரும்பும் பஸ்ஸை நினைக்கும். இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட சிறு விடுதி இருந்தால் ஆசிரியர் ஊரில் தங்குவார். ஆசிரியர் தங்கினால் குடும்பங்கள் நம்பி வரும். இவை அமைந்த பின்னர் ஆய்வுகூடமும் கணினி அறையும் கட்டாயம் வரட்டும்.

எமது கையில் உள்ளவை

அரசாங்கம் முதலடி வைக்க வேண்டும் என்று கூறிவிட்டு நாம் கைகட்டி இருக்க முடியாது. பின்வரும் காரியங்களைச் செய்யப் பெரும் பணம் தேவையில்லை.

பாடசாலையின் பெயரைச் சாக விடாதீர்கள். வேறு இடத்தில் இயங்கினாலும் அதே பெயரில், அதே அதிபர் பதவியோடு இயங்க வேண்டும் என்று கேளுங்கள். சேர்வு இடாப்பு, சம்பவத்திரட்டுப் புத்தகம், காணி உறுதி ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு பாடசாலைகள் இணைக்கப்பட்டு ஒரு பெயர் மறைந்து போனால், அதன் பின் அந்தப் பெயருக்குப் பணம் ஒதுக்குவது மிகக் கடினம்.

திரும்ப விரும்பும் குடும்பங்களின் பட்டியலை நீங்களே தயாரியுங்கள். பிள்ளையின் வயது, இப்போது படிக்கும் தரம், திரும்பும் உத்தேச ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி, வலயக் கல்வி அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும்.

மனுவைக் காலத்துக்குக் கொடுங்கள். அடுத்த ஆண்டு வேலைக்கான மதிப்பீடு இவ்வாண்டிலேயே தயாராக வேண்டும். சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் உள்ள வெயில் காலத்தில் வேலை நடக்க வேண்டும். மாரிக்கு முன் கூரை ஏற வேண்டும். தை மாதம் பாடசாலை தொடங்கும்போது கதவு திறக்க வேண்டும். அலுவலகங்களுக்கும் இந்த நாட்காட்டியை விளங்கப்படுத்துங்கள். மழையின் கணக்கை விவசாயியை விட யார் நன்கு அறிவார்?

வேலை நடக்கும்போது கண்காணியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ சிறு வேலைகளை ஒப்பந்தமாக ஏற்று நடத்த அரசாங்க நடைமுறையில் இடமுண்டு. உங்களுக்குள்ளேயே மேசன்மார் இருக்கிறார்கள், தச்சர் இருக்கிறார்கள். அவ்வேலையை ஊர் ஏற்றால் கூலியும் ஊரில் தங்கும். வெளிக் கொந்தராத்துக்காரர் வந்தால், எத்தனை மூடை சீமெந்து, என்ன அளவுக் கம்பி, எவ்வளவு பணம் என்ற விபரத்தைப் பாடசாலை வாசலில் எழுதி ஒட்டும்படி கேளுங்கள். கேட்பது சண்டை பிடிப்பது அல்ல. அது பெற்றோரின் கடமை.

கட்டிய பின் பேணுங்கள். குளக்கட்டில் எலிவளை கண்டால் அன்றே அடைக்கிறோம். பாடசாலைக் கூரையில் ஒரு தகரம் கிளம்பினால் அடுத்த திட்டம் வரும் வரை பார்த்திருக்கிறோம். ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் சிரமதானம் வைத்துப் பீலி துப்புரவாக்கி, ஆணி இறுக்கி, மரம் கறையான் தின்கிறதா என்று பார்த்தால் ஒரு கூரை நீண்ட காலம் நிற்கும்.

இவையெல்லாம் மக்கள் செய்யக்கூடியவை. ஆனால் மக்கள் இவற்றைச் செய்கிறார்கள் என்பதற்காக அரசாங்கம் தனது பங்கிலிருந்து விலகிவிடக் கூடாது. வடமாகாண சபைக்கு 2013 இல் தேர்தல் நடந்தது. அதன் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் மாகாணத்தில் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமல் போனது. அதிகாரிகளும் ஆளுநரும் தீர்மானிக்கும் காலங்களில் மக்களின் எழுத்து மூலக் கோரிக்கைக்கு இன்னும் கூடுதலான தேவை உண்டு.

மீள்குடியேற்றத்துக்கென்று ஒதுக்கப்படும் பணத்தில் வீடு, வீதி, குளம் என்ற தலைப்புகளோடு பாடசாலையும் ஒரே ஆண்டில், ஒரே திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். வீட்டுத் திட்டம் இவ்வாண்டு, பாடசாலை பிள்ளைகளின் தொகை கூடிய பின் என்று பிரித்தால் வீடுகள் பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்து "வீடு கொடுத்தும் வரவில்லை" என்று மக்களையே குறை சொல்வார்கள்.

அந்த விவசாயி எம்மிடம் கேட்ட கேள்விக்கு அன்று எம்மிடம் பதில் இருக்கவில்லை. அவர் எம்மைக் குறை சொல்லவும் இல்லை. சோற்றை இறக்கி வைத்துவிட்டு, பாடசாலை வளவுக்குள் எம்மைக் கூட்டிச் சென்று, தான் இரண்டாம் வகுப்பில் இருந்த மூலையைக் காட்டினார். அந்த மூலையில் அவரது மகள் வந்து இருப்பதற்கு வேண்டியவை ஒரு கூரை, ஒரு கிணறு, ஓர் ஆசிரியர். இவற்றை அடுத்த மாரிக்கு முன் கேட்டுப் பெறுவதற்கான மனுவை இந்த மாதமே எழுதத் தொடங்குவோம்.